பெட்டி மூடுகிற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

மயக்க ஊசித் துப்பாக்கியை முதன்முறையாகக் கையில் வாங்கப்போகும் இளம் கால்நடை மருத்துவர்களே, அதை உங்களிடம் கொடுப்பதற்கு முன் ஒரு பதிவேட்டில் ஐந்து இடத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். ஐந்திலும் போட்டுவிடுங்கள். அவற்றில் ஒன்றுகூட அதை எப்படிச் சுடுவது என்பதைப் பற்றியதல்ல. வாங்கிய நிலையிலேயே திருப்பித் தருவேன் என்பதைத்தான் ஐந்து விதமாக எழுதியிருப்பார்கள்.

நான் டைரி எழுதுகிறவன். என்ன கிழமை, என்ன மணி, மழையா வெயிலா, யார் என்ன சொன்னார் என்று குறித்துவைக்காமல் படுத்ததில்லை. சக ஊழியர்கள் இதை வெற்றிலை பாக்கோடு சேர்த்து என் கெட்ட பழக்கங்களில் ஒன்றாகக் கருதினார்கள். விசாரணை என்று ஏதாவது வந்தால் மட்டும் அது சில நாளைக்கு நல்ல பழக்கமாகிவிடும். ஆனாலும் இங்கே ஆண்டையும் தேதியையும் தரப்போவதில்லை. தந்தால், அப்போது எந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார் என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள். கிழமையும் மணியும் போதும்.

நம் பக்கம் காடு கிடையாது. சிறுத்தை இல்லை, யானைக்கூட்டம் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் நெல். அதனால்தானோ என்னவோ எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு மயக்க ஊசித் துப்பாக்கி ஒதுக்கப்பட்டது. வெடிமருந்து இல்லாத துப்பாக்கி அது. சிறு சிலிண்டரில் அடைத்த வாயுதான் ஊசியைத் தள்ளும். தூரத்துக்குத் தக்கபடி வாயுவின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று காட்ட, பின்பக்கத்தில் சுடுகிறவர் கண்ணுக்குக் கீழேயே ஒரு வட்டக் கேஜ் உண்டு. அழுத்தம் குறைந்தால் ஊசி மாட்டின் காலடியில் விழும். கூடினால் மாட்டைத் தாண்டிப் போகும், அல்லது சதையைக் கிழித்துக்கொண்டு எலும்பில் போய் நிற்கும். ஆகவே அந்தக் கேஜ்தான் அந்தத் துப்பாக்கியின் உயிர்.

துப்பாக்கி வந்து ஒரு வருடம் கழித்து, தனிப் பார்சலில், சிவப்புப் புள்ளி சைட் என்கிற குறிநோக்கி வந்தது. கட்டைவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான கறுப்புக் குழாய், உள்ளே ஒரு கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தால் கண்ணாடியில் சிவப்பாக ஒரு புள்ளி தெரியும். புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கே ஊசி போகும். துப்பாக்கியின் முதுகில் பின்னாலிருந்து முன்வரை பல் பல்லாக ஒரு பட்டை ஓடுகிறது. அதில் எந்த இடத்திலும் குழாயைக் கவ்வவைத்து இரண்டு திருகை முறுக்கினால் வேலை முடிந்தது. எந்த இடத்திலும் வைக்கலாம் என்பதுதான் வினையாகப் போயிற்று. அப்படி ஒரு சுதந்திரம் அரசு அலுவலகத்துக்குள் வந்துவிட்டால் அதற்கு ஒரு கூட்டம் போட்டே ஆகவேண்டும்.

கூட்டம் புதன்கிழமை காலை 11 மணிக்கு. தொடங்கியது 11.50க்கு. மசால்வடை 12.05க்கு வந்தது. எங்கள் உயரதிகாரி குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டாட் எங்க? சுவத்துல காட்டுங்க பாப்போம்."

"சுவத்துல விழாது சார். இது லேசர் இல்ல. உள்ள பாக்கறவங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப நாங்க எப்படி வெரிஃபை பண்றது?"

இந்தக் கேள்வியை நான் பல வருடம் பிரிவு உபசார விழாக்களில் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் நினைவில் வைத்திருங்கள், இந்தச் சிரிப்புக்குப் பின்னால் எனக்குக் கிடைத்ததை இன்னும் சொல்லவில்லை.

அடுத்து, எங்கே பொருத்துவது? கண்ணுக்குப் பக்கத்தில்தான் என்றார் அதிகாரி. "என் மூக்குக்கண்ணாடிய மூக்குலதான வெச்சிருக்கேன்? கைய நீட்டியா புடிச்சிருக்கேன்?" என்று கேட்டார். இதை மறுக்க வேண்டுமானால் சம்பள உயர்வு தேவைப்படாதவராக இருக்க வேண்டும். நான் படித்திருந்த நான்கு கையேடுகளை நம்பி, மெல்ல, "கொஞ்சம் முன்னால தள்ளி வெச்சா ரெண்டு கண்ணையும் திறந்துகிட்டே பாக்கலாம் சார்" என்றேன்.

"ரெண்டு கண்ணையும் திறந்துகிட்டு யாராவது குறி பாப்பாங்களா டாக்டர்? திருவாரூர் தேருக்குப் போயி பலூன் சுட்டதே இல்லியா நீங்க?"

சுட்டிருக்கிறேன். ஒரு பலூனும் உடைந்ததில்லை. அதனால் இன்னொரு மசால்வடையை எடுத்துக்கொண்டேன்.

முடிவு சொன்னவர் எங்கள் ஸ்டோர்கீப்பர். துப்பாக்கிப் பெட்டியையே கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே கறுப்பு நுரை, அதில் துப்பாக்கி வடிவத்துக்குப் பள்ளம். "முன்னால வெச்சா மூடி மூடல சார். நடுவுல வெச்சாலும் மூடல. கேஜுக்கு மேல, இந்தா இங்க வெச்சா மூடுது" என்று மூடிக் காட்டினார். க்ளிக் என்றது. அவ்வளவு திருப்தியான சத்தத்தை அந்த அறை அதற்கு முன் கேட்டதில்லை.

"கேஜ் மறையுதே சார்" என்றேன்.

"குனிஞ்சு பாத்துக்கங்க."

கூட்டக்குறிப்பில், 'பெட்டி மூடும் வகையில் பொருத்தலாம் என ஒருமனதாக' என்று எழுதினார்கள். அந்த ஒரு மனதில் என் மனதும் அடக்கம். கையெழுத்தும் போட்டேன். இனி யாரும் இடத்தை மாற்றிவிடக் கூடாது என்று திருகுச் சாவியை உறையில் போட்டு முத்திரை வைத்து ஸ்டோர்கீப்பரின் பீரோவில் வைத்தார்கள். சைட் வந்த உற்சாகத்தில் துப்பாக்கியோடு வந்த, குழல் நுனியில் குறிபார்க்க நிற்கும் பழைய குறிமுள்ளையும் கழற்றி அதே உறையில் போட்டார்கள். அதுவும் பத்திரமாக இருந்தது.

பிறகு ஒரு ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை 8.20க்கு ஃபோன் வந்தது. கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு கிராமம். 9.25க்கு அங்கே இருந்தேன். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது, ஊர் முழுக்கத் தண்ணீர். நட்டு நான்கு நாளான ஒரு வயலின் நடுவில், முழங்கால் சேற்றில், ஒரு உம்பளச்சேரிக் காளை நின்றது. சாம்பல் நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, நான்கு காலிலும் குளம்புக்கு மேல் வெள்ளை. கழுத்தில் கம்பிக் கண்ணி. வயலில் பன்றி இறங்காமலிருக்க யாரோ வைத்தது, காளை அதை முளையோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. யார் வைத்தது என்று கேட்டதற்கு ஊரே பன்றியைக் குற்றம் சொன்னது. காளை தலையை உதறும்போதெல்லாம் கம்பி இன்னும் ஒரு சுற்று உள்ளே போனது. அது மூச்சு விடும் சத்தம் ரோட்டிலிருந்தே கேட்டது, ஈரமான குறட்டை மாதிரி.

காளைக்குச் சொந்தக்காரர் ஆரோக்கியமேரி. ஐம்பது வயதிருக்கும். குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைக்கிறவர். கத்தரிப்பூ நிற நைட்டிமேல் வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் நின்றார். கம்பியை எடுக்கப் போன அவர் கொழுந்தனாரை அன்று விடியற்காலை காளை முட்டி, உடைந்த இரண்டு விலா எலும்போடு நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தது. காளையின் பெயர் சம்மனசு, அதாவது தேவதூதன். வானத்துச் சம்மனசுகளுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

"அவன் கெட்டவன் இல்ல சார்" என்றார். "கழுத்துல கம்பி இறுக்குனா நீங்களும்தான் முட்டுவீங்க. சுத்துப்பட்டு மாட்டுக்கெல்லாம் இவன்தான். இவன வுட்டா இந்தப் பக்கம் நம்ம சாதிக் காளையே கெடயாது."

அவர் கவலைக்குக் காரணம் ரோட்டில் நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர், பக்கத்தில் நிஜத் துப்பாக்கியோடு ஒரு கான்ஸ்டபிள். வயலை ஒட்டிய ரோட்டில்தான் பள்ளிக்கூடம்.

"பன்னெண்டரைக்குப் பிள்ளைங்க சாப்பாட்டுக்கு வெளிய வரும் டாக்டர்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "அதுக்குள்ள நீங்க முடிச்சிடுங்க. இல்லன்னா நான் முடிச்சிருவேன்." மரியாதையாகத்தான் சொன்னார். இத்தனை வருடத்தில் என்னிடம் தெளிவாகப் பேசிய வெகு சில அதிகாரிகளில் அவர் ஒருவர்.

மருந்து ஏற்றிய ஊசி என்னிடம் இரண்டு இருந்தது. 9.50க்கு வரப்பில் மண்டியிட்டேன். தூரம் நடந்து அளந்தால் இருபத்தைந்து எட்டு வரும். அழுத்தத்தை வைக்க வேண்டும். கேஜின் மேல் அந்தக் குழாய் கோழி அடைகாப்பதுபோல் உட்கார்ந்திருந்தது. உத்தரவுப்படி குனிந்து பார்த்தேன். கன்னம் சேற்றில் பட்டது, மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது, முள் நிற்கும் இடம் குத்துமதிப்பாகத் தெரிந்தது. நிமிர்ந்து குழாய்க்குள் பார்த்தால் எங்கும் கறுப்புச் சுவர், நடுவில் காலணா அளவுக்கு ஒரு காளை. சுட்டேன். ஊசி சம்மனசின் முதுகுக்கு ஒரு முழம் மேலே போய், அடுத்த வயலில் விழுந்தது.

ரோட்டில் கூடியிருந்த கூட்டம் ஊசி போன பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு சப்-இன்ஸ்பெக்டர் அக்கறையோடு கை நீட்டிக் காட்டினார். "டாக்டர், மாடு அங்க இருக்கு."

தவறிய குறியைவிடத் தவறிய ஊசிதான் பெரிய கவலை. அது கிடக்கும் வயலில் நாளை பெண்கள் வெறுங்காலோடு இறங்குவார்கள். காளைக்கு வைத்த மருந்து ஒரு மனித உடம்பில் ஏறினால் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே கணக்கு முடிந்துவிடும். எல்லாரையும் நிறுத்தி, இறங்காமல் வரப்பிலிருந்தே தேடச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து வயலில் நடவு மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர் மிஷினை நிறுத்திவிட்டு நேராக வந்தார். ஊசியின் சிவப்பு வாலை இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"ஒங்களதா சார்? என் மூஞ்சிக்கு முன்னால வந்து சேத்துல சொருகுச்சு. தன்ன நாத்துன்னு நெனச்சுக்கிச்சு போல."

ஊசி வளைந்து, மருந்து சேற்றோடு போயிருந்தது. பெரிய கும்பிடாகப் போட்டு வாங்கிக்கொண்டேன். திருப்பனந்தாள் பக்கத்துக்காரர், நாற்பது வயதுக்குள். மிஷினோடு ஊர் ஊராகப் போகிறவர். பெயர் கேட்டு எழுதாமல் விட்டேன். டைரி எழுதுகிறவன் செய்யக்கூடாத பிழை அது. அவர் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா? இந்தக் கொழாய ஏன் கண்ணுக்குள்ளயே சொருகி வெச்சிருக்கிங்க?"

"பெட்டி மூடணும்ல" என்றேன்.

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அரசாங்கத்தோடு அவருக்கும் பழக்கம் இருந்திருக்க வேண்டும். "என் மிஷின் மூக்குல ஒரு குச்சி நிக்கிதே, பாத்திங்களா? அத வெச்சுத்தான் வரிசை கோணாம ஓட்றேன். ஒரு தடவ அது ஒடைஞ்சு போச்சு. பக்கத்துல இருந்தா இன்னும் நல்லாத் தெரியும்னு ஸ்டியரிங்குலயே ஒரு குச்சியக் கட்டிகிட்டேன். குச்சி நல்லாத்தான் தெரிஞ்சிது, வயல் தெரியல. வரிசை பாம்பு மாதிரி போச்சு. அந்த வயக்காரரு இன்னிக்கும் என்னக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்குவாரு."

நான்கு கையேடுகள் படம்போட்டு விளக்கியதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அந்தப் புதன்கிழமை இவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தால் எங்களுக்கு ஒரு மசால்வடை கூடுதலாகச் செலவாகியிருக்கும்.

அப்போது மணி 10.10. இரண்டு வழி இருந்தது. மிச்சமிருக்கும் ஒரே ஊசியை இருக்கிறபடியே இன்னொரு தடவை சுட்டுப் பார்ப்பது ஒன்று. குழாயை முன்னால் நகர்த்துவது இன்னொன்று. நகர்த்தினால் குறி மாறிவிடும், சோதித்துப் பார்க்க முக்கால் மணிநேரம் போகும், அவ்வளவு நேரமும் காளையின் கழுத்தில் கம்பி இறுகிக்கொண்டே இருக்கும். முதல் வழியில் ஒரு வசதி உண்டு. தவறிப்போனாலும் என்மேல் தப்பில்லை, கூட்டக்குறிப்பு என் பக்கம். இப்படி ஒரு வசதி உங்கள் மனசில் தோன்றும்போது தயவுசெய்து ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். நான் குடித்தேன். குடித்துவிட்டு அவரிடம் ஆலன் கீ இருக்கிறதா என்று கேட்டேன். ஆறு பட்டை உள்ள அந்தத் திருகுச் சாவி ஒரு வளையம் நிறைய அவர் சீட்டுக்கு அடியில் தொங்கியது. எந்த முத்திரையும் இல்லாமல்.

"மாட்ட வுட்டுட்டு துப்பாக்கிய ரிப்பேர் பண்றிங்களா டாக்டர்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"ஆமாங்க."

"எழுதிக்கட்டுமா?"

"மணியோட எழுதிக்குங்க" என்றேன்.

குழாயைப் பட்டையின் முன்பாதிக்கு நகர்த்தினோம். ஒரு யூரியா சாக்கை வைக்கோல் கட்டில் குத்திவைத்து, இருபத்தைந்து எட்டு அளந்து, தண்ணீர் நிரப்பிய பயிற்சி ஊசியால் சுட்டேன். முதல் தடவை சாக்கைத் தாண்டியது. குழாயின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி மறுபடி சுட்டேன், ஒரு சாண் கீழே. ஐந்தாவது தடவை நினைத்த இடத்தில் நின்றது. கேஜ் திறந்து கிடந்தது, முள்ளை நிமிர்ந்தபடியே படித்தேன். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தபோது குழாய் இருப்பதே மறந்துபோய், வைக்கோல், வரப்பு, கொக்கு எல்லாம் தெரிந்தன, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. மணி 10.55.

அடுத்த கேள்வி, சுட்ட பிறகு காளை எங்கே விழும்? மருந்து ஏற ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ ஆகும். சேற்று வயலில் விழுந்தால் மயக்கத்தில் மூக்கு தண்ணீருக்குள் போய்விடும். ரோட்டோரத்தில் சிமென்ட் களம் ஒன்று மேடாகக் கிடந்தது. ஆனால் காளையை யார் அங்கே கூப்பிடுவது?

"நான் கூப்ட்டா வருவான்" என்றார் ஆரோக்கியமேரி.

"ஒங்க கொழுந்தனார் கூப்ட்டப்ப வந்தானே, அது மாதிரியா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அவரு கம்பியப் புடிச்சு இழுத்தாரு. நான் தவுட்டுத் தண்ணி காட்டப்போறேன். வாய மூடிகிட்டு வழிய வுடுங்க."

எனக்குச் சம்மதமில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. களத்தின் ஒரு மூலையில் டிராக்டர் ஒன்று நின்றது. ஆரோக்கியமேரியிடம் மூன்று தடவை சொன்னேன், கையைக் காட்டிக் காட்டிச் சொன்னேன்: "கூடைய வெச்சதும் டிராக்டருக்குப் பின்னால போயிடணும்க்கா. சிவப்புப் புள்ளி அது தொடைமேல நின்ன ஒடனே சுட்டுருவேன். அப்ப நீங்க பக்கத்துல இருக்கக் கூடாது."

நன்றாகச் சொன்னதாக நினைத்தேன்.

அவர் அலுமினிய அன்னக்கூடையில் தவிட்டுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு களத்தில் நின்று விளிம்பைத் தட்டினார். டங், டங், டங். "சம்மனசு, வாடா. வா சாமி." பத்து நிமிடம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஒரு காலைச் சேற்றிலிருந்து பிடுங்கியது. பிறகு இன்னொன்றை. களத்தில் ஏறும்போது அதன் நாக்கு வெளியே தொங்கி நீலம் பாய்ந்திருந்தது தெரிந்தது. கூடைக்குள் மூக்கை வைத்தது. குடிக்க முடியவில்லை.

நான் எதிர் வரப்பில் இருந்தேன். கேஜைப் பார்த்தேன், சரி. துப்பாக்கியைத் தூக்கினேன். புள்ளி தொடையின் நடுவில் போய் நின்றது. விரலை வைத்தேன்.

இடது கண்ணின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. துண்டு. ஆரோக்கியமேரி டிராக்டருக்குப் பின்னால் போகவில்லை. காளையின் பின்பக்கமாகச் சுற்றிவந்து, முட்டியில் கையை ஊன்றி, அதன் தொடையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் அரை எட்டு வைத்தால் புள்ளி அவர் தோளில் நிற்கும்.

விரலை எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது.

"அக்கா! வெலகுங்க!"

"இன்னும் வரல சார்!"

"என்ன வரல?"

"செவப்புப் புள்ளி சார்! ரெண்டு தொடையும் பாத்துட்டேன். ஒண்ணத்தயும் காணும்!"

ரோட்டிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் கத்தினார்: "ஆமா டாக்டர், நானும் அப்பலேருந்து பாத்துகிட்டுத்தான் இருக்கேன். பேட்டரி இருக்கா, செக் பண்ணிங்களா?"

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். ஊர் முழுவதும் காளையின் தொடையைத் தேடிக்கொண்டிருந்தது. மிஷின்காரர்கூட.

"அது அங்க விழாதுக்கா! எனக்கு மட்டும்தான் தெரியும்!"

ஆரோக்கியமேரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இருபத்தைந்து எட்டுக்கு அப்பாலிருந்தும் அந்தப் பார்வை தெளிவாகத் தெரிந்தது. "அத மொதல்லயே சொல்லக்கூடாதா சார்?" என்றுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டிராக்டருக்குப் பின்னால் போனார்.

11.38க்குச் சுட்டேன். ஊசி தொடை நடுவில் நின்றது. சம்மனசு கூடையை உதைத்துத் தள்ளிவிட்டுக் களத்தை இரண்டு சுற்றுச் சுற்றியது. ஆறாவது நிமிடம் பின்னங்கால் பின்னியது. எங்கே விழக் கூடாதோ அந்தப் பக்கமாகத்தான் தள்ளாடிப் போய், களத்தின் விளிம்பில் சரிந்தது. உடம்பு சிமென்ட்டில், தலை வயலுக்குள். நாங்கள் ஓடிப்போவதற்குள் ஆரோக்கியமேரி சேற்றில் குதித்து உட்கார்ந்து, கொம்போடு சேர்த்துத் தலையை மடியில் தூக்கிவைத்திருந்தார். மிஷின்காரர் கட்டிங் பிளேயரோடு வந்தார். கம்பி சதைக்குள் புதைந்திருந்தது. நான் கத்தியால் வழிசெய்ய, அவர் மூன்று இடத்தில் வெட்டினார். கடைசி வெட்டுக்குப் பிறகு அது ஒரு மூச்சு இழுத்தது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. டைரியில் 11.58 என்று மட்டும் இருக்கிறது.

மயக்கம் தெளிய மாற்று ஊசி போட்டேன், 12.20க்குக் காளை எழுந்து நின்றுவிட்டது. பன்னிரண்டரைக்குப் பிள்ளைகள் தட்டோடு வெளியே வந்தபோது சம்மனசு தவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் என் துப்பாக்கியை வாங்கிப் பிடித்துக்கொண்டு ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டார். நன்றாக வந்திருந்தது.

மறுநாள் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தேன். பெட்டி மூடவில்லை. மாலைக்குள் எனக்கு ஒரு மெமோ வந்தது: உரிய அனுமதியின்றிக் குறிநோக்கியின் இடத்தை மாற்றியதற்கும், பெட்டி மூட இயலாத நிலையை உருவாக்கியதற்கும் விளக்கம் கேட்டு. காளையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. காளை எங்கள் இருப்புப் பட்டியலில் இல்லாத பொருள்.

விளக்கம் எழுதினேன், நான்கு பக்கம், மணிவாரியாக. யாரும் படிக்கவில்லை. பழைய இடத்துக்கே மாற்று என்று உத்தரவு வந்தது. அன்று மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டோருக்குப் போய், அறுவைக் கத்தியால் பெட்டிக்குள் இருந்த நுரையை முன்பக்கமாக ஒரு கட்டைவிரல் அளவுக்கு வெட்டினேன். ஸ்டோர்கீப்பர் தயிர்சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். மூடினேன். க்ளிக்.

அடுத்த அறையிலிருந்து அதிகாரியின் குரல் கேட்டது. "என்னய்யா, மூடிருச்சா?"

"மூடிருச்சு சார்" என்றார் ஸ்டோர்கீப்பர். "சரி, அப்ப ஃபைல முடிச்சிருங்க" என்றது குரல்.

எந்த இடத்தில் பொருத்தி மூடியது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஸ்டோர்கீப்பர் மட்டும் கையைக் கழுவிவிட்டு வந்து, "நொரை சேதம்னு ஆடிட்ல கேப்பாங்களே. எலின்னு எழுதிக்கறேன் சார்" என்றார். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் எழுதிவருகிறார்கள். பெட்டியைத் திறக்கும்போது பாருங்கள். எலியின் பல் இவ்வளவு நேராக வெட்டாது. யாராவது புது நுரை வாங்கித்தர முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நுரையை வெட்டியதோடு அதிகாரியின் தப்பு சரியாகிவிட்டது. என் தப்பு அப்படிச் சரியாகவில்லை. 'சுவத்துல காட்டுங்க' என்ற மனிதரைப் பார்த்துச் சிரித்த நான், அதே கேள்வியோடு ஒரு பெண்ணை ஊசிக்கு முன்னால் அனுப்பியிருக்கிறேன். அதிகாரியாவது வாய்விட்டுக் கேட்டார். ஆரோக்கியமேரி கேட்கவில்லை, நான் சொன்னதை நம்பினார். குழாய் பழைய இடத்தில் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருப்பது கறுப்புச் சுவரும் காலணா அளவு தொடையும்தான், துண்டு தெரிந்திருக்காது. இதை நான் பிரிவு உபசார விழாக்களில் சொன்னதில்லை.

ஆகவே, எங்கே பொருத்துவது என்று கேட்டீர்களானால், முன்னால் பொருத்துங்கள். பிறகு துப்பாக்கியைத் தூக்குவதற்கு முன் சுற்றி நிற்கும் ஒவ்வொருவரிடமும், அந்தப் புள்ளி அவர்கள் கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். தலையாட்டினால் நம்பாதீர்கள், திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த தை மாதம், ஒரு சனிக்கிழமை, தடுப்பூசி முகாமுக்காக அதே ஊருக்குப் போனேன். கையில் சிறு ஊசிதான். சம்மனசு களத்து ஓரத்தில் கட்டிக்கிடந்தது, கழுத்தைச் சுற்றி முடி முளைக்காத ஒரு கோடு. மாடுகளைப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் ஆரோக்கியமேரி கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"டாக்டர் வந்துட்டாரு, எல்லாம் தள்ளி நில்லுங்க. இவரு எதப் பாக்கறாருன்னு நமக்குத் தெரியாது."